மந்திரித்த தண்ணீரும் எட்டாம் அத்தியாயமும்

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, லெந்து என்னும் தவக்கால நாட்கள் தொடங்கவிருந்த சமயம். செங்கல்பட்டில் குடியிருந்துகொண்டு, சென்னையை அடுத்த கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பித்துவந்தேன். நாள்தோறும் மின்ரயிலில் போய்வருவேன். வகுப்புகள் போக எஞ்சிய நேரத்தில், எங்கள் புராட்டஸ்டண்ட் திருச்சபை வட்டாரத்தார் நடத்திய மாத இதழுக்கு நூல் மதிப்புரை எழுதுவது என் பணி. பதினோரு ஆண்டுகளாக எழுதிவந்தேன். என் பெயர் அதில் அச்சாகும்போது பின்னால் என் பட்டங்களும் அச்சாகும். அதை நானே வலியுறுத்தியிருந்தேன்.

நான் எடுத்துக்கொண்ட நூல்கள் மற்ற மதிப்புரையாளர்கள் தொடாதவை. பெரிய பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்ட பேய்க்கதைகள், துப்பறியும் கதைகள், கொலைக்கதைகள். எழுதியவர்களே சிறு அச்சகங்களில் அச்சிட்டு, பேருந்து நிலையக் கடைகளிலும் திருவிழாக்களிலும் விற்றுக்கொள்பவை. இவற்றையும் ஒரு கிறிஸ்தவன் படிக்கலாம், படித்து எடைபோடவும் வேண்டும் என்பது என் கொள்கை. மறைக்கப்பட்ட குற்றம் வெளிச்சத்துக்கு வருவதுதான் துப்பறியும் கதை. எங்கள் மார்க்கமும் ஏறத்தாழ அதைத்தான் பேசுகிறது. ஆகவே ஒவ்வொரு நூலிடமும் மூன்று கேள்விகள் கேட்பேன். தீமை தீமையாகவே காட்டப்படுகிறதா, குற்றவாளிக்கு மனந்திரும்ப இடம் இருக்கிறதா, மாந்திரீகம் போற்றப்படுகிறதா. மதிப்புரையின் இறுதியில் ஒரே வரியில் தீர்ப்பு இருக்கும்: கிறிஸ்தவ இல்லத்தில் வைக்கத்தக்கது, அல்லது தகாதது. அந்த வரியை மட்டும் படிப்பவர்கள் பலர் இருந்தார்கள் என்பதையும் அறிவேன்.

அப்படி ஒரு நாள் அஞ்சலில் வந்தது அந்த நாவல். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்திலிருந்து அனுப்பப்பட்டிருந்தது. அட்டையில் கவிழ்ந்த படகும் அதன்மேல் புகைபோல ஓர் உருவமும். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று எழுத்துகள் மட்டுமே. உடன் இருந்த கடிதத்தில், தாம் கிறிஸ்தவர் என்றும், இதுவே தம் முதல் நூல் என்றும், ஐயா மதிப்புரை எழுதினால் பெரும் உதவியாக இருக்கும் என்றும் கண்டிருந்தது.

ரயிலில் படித்தேன். கடலுக்குப் போன இருவரில் ஒருவர் மட்டும் திரும்புகிறார். திரும்பாதவரின் படகு ஒவ்வொரு விடியலிலும் தானாகக் கரைக்கு வந்து நிற்கிறது. ஊரார் அஞ்சிச் 'சாமியாரிடம்' ஓடுகிறார்கள். இறுதி அத்தியாயத்தில் அந்தச் சாமியார் 'மந்திரித்த தண்ணீரை'ப் படகின்மேல் தெளிக்க, பேய் அடங்குகிறது, கொலைகாரன் அகப்படுகிறான். என் பென்சில் அந்தச் சொற்களின் கீழ் அழுத்தமாகக் கோடிட்டது. சாமியார், மந்திரித்தல், தண்ணீர் தெளித்தல், பேய் அடங்குதல். எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

மதிப்புரை மார்ச் இதழில் வெளிவந்தது. 'கிறிஸ்தவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் ஆசிரியர், நீதியை மந்திரவாதியின் செம்புத் தண்ணீரில் தேடுகிறார். இது பில்லிசூனியத்துக்கு எடுத்த கொடி' என்று எழுதியிருந்தேன். தீர்ப்பு வரியைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது இருவர் என் கையைப் பற்றிக் குலுக்கிப் பாராட்டினார்கள். நானும் மறுக்கவில்லை.

மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, வெளுத்த வேட்டியும் சட்டையுமாக ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கடல்வெயில் ஏறிய கறுப்பு. கையில் மஞ்சள் பை.

"நீதான அந்த வாத்தியாரு?" என்றார்.

என்னை ஒருமையில் விளித்தவர் எவரும் பல ஆண்டுகளாக இல்லை. ஆம் என்றேன். உள்ளே அழைத்து, அமரும்படி நாற்காலியைக் காட்டினேன்.

"குந்தறதுக்கு வரல சார். இத்தக் கேக்க வந்தேன்." பையிலிருந்து எங்கள் இதழை எடுத்து என் மேசைமேல் போட்டார். "இன்னா எழிதிக்கீற? எங்க வூட்டுக்காரி சூனியக்காரியா?"

அவருடைய மனைவியைக் குறித்து நான் ஒரு வரியும் எழுதியதில்லை என்றும், அந்த நாவலின் ஆசிரியரைக் குறித்துத்தான் எழுதினேன் என்றும் விளக்கினேன்.

"ஆசிரியரு யாருன்ற? அவதான் ஆசிரியரு."

அந்த மூன்று எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. அவர் பையிலிருந்து ஒரு சிறு பிளாஸ்டிக் சீசாவை எடுத்து இதழின்மேல் வைத்தார். உள்ளே தெளிந்த தண்ணீர்.

"இதான் நீ எழுதுன மந்திரம். கோயில்ல சாமியாரு மந்திரிச்சுக் குட்த்தது. போட்டுல தெளிப்போம், வூட்ல தெளிப்போம், புள்ளைக்கி ஜொரம்னா நெத்தில வெப்போம். இதுல எங்க பேய் கீது, நீயே பாரு."

அடுக்களை வாயிலில் நின்றிருந்த என் மனைவி அப்போதுதான் பேசினார். சிறுவயதில் கத்தோலிக்கர் நடத்திய விடுதியில் தங்கிப் படித்தவர்.

"அவங்க அப்படித்தாங்க சொல்லுவாங்க. புது வீடுன்னா சாமியார் வந்து மந்திரிப்பார். ஜெபமாலை, எண்ணெய், தண்ணி எல்லாத்தையும் மந்திரிப்பாங்க. நம்ம ஆயர் வந்து ஆசீர்வாதம் பண்றதில்லையா, அந்த மாதிரி."

"இது உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"நீங்க கேக்கலையே."

வந்தவர் என் மனைவியைப் பார்த்து, "தோ, அம்மாவுக்குத் தெர்து. இவரு எம்மே படிச்சிகிறாரு, இவருக்குத் தெர்ல" என்றார். கேலியாகச் சொன்னதாகத் தோன்றவில்லை. ஒரு கணக்கு ஒத்துவராத வியப்பே அதில் இருந்தது.

சாமியார் என்றால் கத்தோலிக்கரான அவர்கள் வழக்கில் பங்குக் குருவானவர். கோயில் என்றால் தேவாலயம். மந்திரித்தல் என்றால் ஆசீர்வதித்தல். ஒரே வேதத்தை வாசிக்கும் இரு சபைகள், ஒரே மாவட்டத்தில், ஒரே சொல்லை இரு பொருளில் வழங்கிவந்திருக்கின்றன. தமிழ் கற்பித்தவன் அதை அறியவில்லை.

அதன்பிறகே அவர் நாற்காலியில் அமர்ந்து வந்த காரியத்தைச் சொன்னார். அவர் மனைவி வீட்டில் தையல் எந்திரம் வைத்துத் தைப்பவர். ஞாயிறுதோறும் கோயிலில் சிறுவர்களுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். ஓராண்டாக அவர்களை ஆயத்தம் செய்தவர் அந்த அம்மையார்தான். என் மதிப்புரையை மாமல்லபுரத்து விடுதி ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவர் கொண்டுவந்து, குப்பத்துத் தேநீர்க்கடையில் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். பேய்க்கதை எழுதுகிறவளிடம் பிள்ளையை அனுப்பமாட்டோம் என்று சில தாய்மார் சொல்லிவிட்டார்கள். புதிதாக வந்த பங்குக் குரு, பேச்சு அடங்கும்வரை வகுப்பை வேறொருவர் நடத்தட்டும் என்று நிறுத்திவைத்துவிட்டார்.

"பதினாலு புள்ளைங்க சார். எல்லாத்துக்கும் வெள்ளச் சட்ட அவதான் தெச்சிகினு இருந்தா. இப்ப மிஷின மெதிக்காம குந்திகினு கீறா."

அவர் சென்றபின் இதழாசிரியருக்குத் தொலைபேசினேன். ஏப்ரல் இதழ் அச்சுக்குப் போய்விட்டது என்றார். மே இதழில் ஓரமாக ஒரு திருத்தம் போட்டால் போதும், உங்கள் பெயருக்கு ஒன்றும் வராது என்றும் ஆறுதல் சொன்னார். மே இதழ் வருமுன் புதுநன்மை முடிந்துவிடும் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. என் பெயருக்கு ஒன்றும் வராது என்ற சொல் காதுக்கு இதமாகவே இருந்தது.

ஆயினும் திருத்தத்தை அன்றே எழுதினேன். 'மார்ச் இதழின் மதிப்புரையில், வழக்குச் சொல் ஒன்றின் பொருள் குறித்துச் சிறு பிழை நேர்ந்துவிட்டது. வாசகர்கள் திருத்தி வாசிக்க வேண்டுகிறோம்.' அடக்கமும் கண்ணியமும் உள்ள வாசகம் என்று நினைத்தேன். மறுநாள் ஆராதனை முடிந்ததும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தேறி மாமல்லபுரத்தில் இறங்கினேன். கல்லுளிச் சத்தம் ஓயாத தெருக்களைக் கடந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னொரு பேருந்தில் குப்பத்துக்குப் போய்ச்சேர்ந்தேன்.

அந்த அம்மையாருக்கு நாற்பது வயதிருக்கும். தையல் எந்திரத்தின்மேல் வெட்டிய வெள்ளைத் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். கோபத்தை எதிர்பார்த்து வந்த எனக்கு அது சங்கடமாக இருந்தது. தாளை நீட்டினேன். நின்றபடியே இருமுறை படித்தார்.

"எழுத்து நல்லா கீது சார். ஆனா செஞ்சது யாருன்னு இல்லியே."

பிழை நேர்ந்துவிட்டது என்பது பத்திரிகைகளில் மரபாக எழுதும் முறை என்றேன்.

"அது எப்டி சார், தானா நேர்ந்துக்குச்சா? என் கதையில ஒரு பொணம் ஒதுங்குது. 'சாவு நேர்ந்துவிட்டது'ன்னு எழுதி முடிச்சேன்னு வெச்சுக்கோ, வாங்குனவன் பொஸ்தகத்தக் கடாசிட்டுப் பூடுவான். கடசிப் பக்கத்துலயாவது யாருன்னு சொல்லணும் சார்."

கதவோரம் நின்ற கணவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை ஆண்டுகளில் என் வாக்கியத்தை எவரும் திருத்தியதில்லை.

பிறகு அந்த அம்மையார் குரலைச் சற்றுத் தாழ்த்திக் கேட்டார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எட்த்துக்காத சார். எட்டாவது அத்தியாயத்துல பாவசங்கீர்த்தனம் வர்தே, அத்தப் பட்சியா?"

"சரியாக நினைவில்லை" என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு எந்திரத்தின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றியபடி, "சரி சார்" என்றார். அவ்வளவுதான்.

அங்கிருந்து பங்குக் குருவிடம் போனேன். தென்மாவட்டத்துக்காரர், இளைஞர். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். அந்த அம்மையாரைத் தாமும் குறைவாக நினைக்கவில்லை என்றார். கடிதம் ஒன்று எழுதித் தருகிறேன் என்றேன்.

"கடிதம் எனக்குப் போதும் ஐயா. ஆனா இங்க முக்காவாசிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. உங்க மதிப்புரைய அவங்க காதாலதான் கேட்டாங்க. காதுல விழுந்தத காதுலதான் அழிக்கணும். அடுத்த வாரம் குருத்தோலை ஞாயிறு, ஊரே வரும். பூசை முடிஞ்சதும் நீங்களே வந்து சொல்லிட்டீங்கன்னா நல்லது."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தேன். நாவல் என் பையில்தான் இருந்தது. எட்டாம் அத்தியாயத்தைத் திறந்தேன்.

கொலைகாரன் சாமியாரிடம் வந்து, தன் பாவத்தை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்கிறான். அவனே கொன்றவன் என்று இப்போது சாமியாருக்குத் தெரியும். ஆனால் கேட்ட பாவத்தை வெளியே சொல்ல அவருக்கு உரிமையில்லை. விதவை அவர் காலில் விழுந்து, கடல் தன் கணவனை என்ன செய்தது என்று கேட்கிறாள். அவர் வாய் திறக்காமல் நிற்கிறார். அடுத்த நான்கு அத்தியாயங்கள் அந்த மௌனத்தின் கதை. ஊர் அவரைக் கோழை என்கிறது. கொன்றவன் தினமும் அவரைப் பார்க்கிறான், அவர் சொல்லிவிடுவார் என்று காத்திருக்கிறான். அவர் சொல்லாததே அவனைத் தின்கிறது. கடைசியில் படகை ஆசீர்வதிக்கும் நாளில், தண்ணீர்த் துளி தெறித்த கணத்தில், அவனாகவே முழங்காலிட்டு ஊர் முன்னால் சொல்லிவிடுகிறான். பேய் என்று ஊர் அஞ்சியது, ஒவ்வொரு விடியலிலும் அவனே இழுத்துவந்து நிறுத்திய படகு.

தீமை தீமையாகவே காட்டப்பட்டிருந்தது. குற்றவாளிக்கு மனந்திரும்ப இடம் இருந்தது. மாந்திரீகம் இல்லவே இல்லை. என் மூன்று கேள்விகளுக்கும் அதைவிடச் செவ்வையாக விடை சொன்ன நூலை நான் அதுவரை படித்ததில்லை. செங்கல்பட்டுப் பேருந்து ஒன்று வந்து, நின்று, போனது. நான் ஏறவில்லை.

குருத்தோலை ஞாயிறு எங்கள் சபையிலும் பெருநாள். என் இருக்கை அன்று காலியாக இருந்தது. வெளியூர் வேலை என்று மட்டும் ஆயரிடம் சொல்லியிருந்தேன். குப்பத்துக் கோயிலில் கடைசி வரிசையில், செருப்பைக் கழற்றிவிட்டு, மணலும் ஈரமும் ஒட்டிய தரையில் அமர்ந்திருந்தேன். பூசை தொடங்குமுன் வாசலில் ஒரு பெண் இன்னொருத்தியிடம், "ஓல மந்திரிச்சாச்சா?" என்று கேட்டதைக் கேட்டேன். பதினோரு ஆண்டுகள் ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருந்தும் கேட்காத கேள்வி.

பூசை முடிந்ததும் குரு என்னை அழைத்தார். முன்னே சென்று புதிதாக எழுதிய தாளைப் படித்தேன். இந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியாது. தெரியாததை எவரிடமும் கேட்கவில்லை. ஒரு நல்ல நூலைச் சூனிய நூல் என்று எழுதினேன். தவறு செய்தவன் நான். கடைசி வரி வரை படித்துத் தாளை மடித்தேன்.

முன்வரிசையில் காது மந்தமான ஒரு மூதாட்டி அருகிலிருந்தவளிடம் கேட்டது கோயில் முழுதும் கேட்டது. "இன்னாடி சொல்றாரு அந்த ஆளு?"

"நம்ம கதக்காரம்மாவப் பத்தி தப்பா எழிதிட்டாராம். அத்தச் சொல்றாரு."

"அதுக்கா இம்மா நேரம்? தப்புன்னு சொல்ட்டு குந்த வேண்டிதான."

சிரிப்பு எழுந்தது. பகைமையற்ற சிரிப்பு. ஒரு வாரமாக நான் தூக்கிச் சுமந்துவந்த என் மானம், அவர்களுக்கு அவ்வளவு எடையுள்ளதாக இல்லை. வெளியே வந்தபோது அதே மூதாட்டி தம் கையிலிருந்த ஓலையில் ஒரு கீற்றைக் கிழித்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

வாசலில் ஏழெட்டுப் பேர் சூழ்ந்திருக்க, கணவர் என்னை நேரே கேட்டார். "ஏன் சார், ஒரு வார்த்த தெர்ல, சரி. கத முழுக்க செபமாலயும் பூசையுமா கீதே. முழுசாப் பட்சுமா புர்ல?"

நான் அஞ்சிய கேள்வி அதுதான். தாளில் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன், அந்த ஒன்றைத் தவிர. முதல் மூன்று அத்தியாயங்களையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டுமே படித்துவிட்டு எழுதினேன் என்பதைத் தவிர. சொல் தெரியாதது அறியாமை, மன்னிப்பார்கள். படிக்காமல் தீர்ப்பு எழுதியவன் என்று தெரிந்தால், பதினோரு ஆண்டு மதிப்புரைகளில் எதை எவர் நம்புவார்?

அந்த அம்மையார் என் அருகில்தான் நின்றிருந்தார். அவர் ஒரு சொல் சொன்னால் போதும். கணவரைப் பார்த்து, "வந்தவர வெயில்ல நிக்க வெச்சுகினு கேள்வி கேக்காத. உடு" என்றார். கூட்டம் கலைந்தது.

பேருந்து நிறுத்தம்வரை இருவரும் வழியனுப்ப வந்தார்கள். கணவர் முன்னே நடந்தார். அவர் காதில் விழாதபடி, "நீங்கள் ஏன் சொல்லவில்லை?" என்று அந்த அம்மையாரிடம் கேட்டேன்.

"நான் இன்னாத்துக்கு சார் சொல்றேன். சாமியாரு சொன்னாரா கதையில? சொல்ல வேண்டியவருதான் சொல்லணும்."

அடுத்த ஞாயிறு முதல் அவர் மீண்டும் வகுப்பெடுத்தார். பிள்ளைகள் பதினான்கு பேரும் அவர் தைத்த வெள்ளுடையில் புதுநன்மை வாங்கினார்கள் என்று ஓர் அஞ்சலட்டை வந்தது. மே இதழில் அந்த நூலுக்குப் புதிய மதிப்புரை எழுதினேன், வைக்கத்தக்கது என்ற தீர்ப்போடு. இதழாசிரியர் அதைச் சற்று மிகை என்றார். பின்வந்த ஆண்டுகளில் அந்த அம்மையார் இன்னும் மூன்று நாவல்கள் அனுப்பினார். ஒன்றில், செங்கல்பட்டுக்காரரான ஒரு புலவர் முதல் அத்தியாயத்திலேயே கடலில் மிதக்கிறார். அதையும் விருப்பு வெறுப்பின்றியே மதிப்பிட்டேன் என நம்புகிறேன். எந்த நூலானாலும் முழுதும் படித்து, படித்து முடித்த நாளைக் கடைசிப் பக்கத்தில் குறித்தபிறகே பேனாவைத் திறப்பது என்று வைத்துக்கொண்டேன். இரண்டாயிரத்தாறில் அப்பகுதியைப் பிறரிடம் ஒப்படைக்கும்வரை அந்த வழக்கம் மாறவில்லை.

அந்த அம்மையார் இதுநாள்வரை எவரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் எங்கள் வட்டாரத்தில் எனக்கு எட்டியிருக்கும். அவருடைய மௌனம் என்னைக் காத்தது என்று சில காலம் நினைத்திருந்தேன். நானே சொல்வதற்காக அது காத்திருந்தது என்பது பிறகுதான் விளங்கியது.

ஆகவே இப்போது எழுதுகிறேன். நூற்றெழுபது பக்க நூலில் ஏறத்தாழ நாற்பது பக்கத்தைப் படித்துவிட்டு, அது ஓர் இல்லத்தில் இருக்கத் தகாதது என்று எழுதியவன் நான். இந்தக் கட்டுரையின் கீழ் என் பெயரை அச்சிடும்படி இதழாசிரியரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பட்டங்கள் வேண்டியதில்லை, கடைசிப் பக்கத்திலாவது செய்தவன் யாரென்று தெரிந்தால் போதும்.